உக்கிப்போன கரவன் குளியலறைத் தளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் பழைய கரவன்களும் (உள்ளே வீடுபோல அமைத்து, வாகனத்தால் இழுத்துச் செல்லும் வண்டிகள்) சில்லு வைத்த கபின்களும் ஓட்டத்தை நிறுத்தி, தோட்டத்துக் காவல் வீடாகவோ விருந்தினர் அறையாகவோ வேலைத்தள அலுவலகமாகவோ மாறியவை. அவற்றின் குளியலறைத் தளம் உக்கிப்போவது பற்றிப் பரந்தனில் கேட்கும் கேள்வியே முள்ளியவளையிலும் மாங்குளத்திலும் கேட்கப்படுவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்து, பதில்களை எழுதியிருக்கிறேன். இரும்புச் சட்டகத்தின்மேல் மரச்சட்டமும் பலகையும் கொண்ட தளங்களுக்கே இவை பொருந்தும்.

கொமட்டுக்குப் பக்கத்தில கால் வைச்சா நிலம் அமுங்குது. இது உக்கினதுதானா, இல்லாட்டி பலகை தளர்ந்ததா?

இரண்டு காரணத்தாலும் அமுங்கலாம், பிரித்தறிவது எளிது. ஸ்குரூ தளர்ந்திருந்தால், கால் வைக்கும்போது பலகை அகலமாகக் கீழே போய், ஒலி எழுப்பிக்கொண்டு உடனே திரும்பி வரும். உக்கியிருந்தால் ஒலி இருக்காது. பாதத்தின் அளவுக்கு மட்டும் குழிந்து மெதுவாக மேலெழும். கொமட்டின் அடியைச் சுற்றியுள்ள சிலிக்கனை ஓரிடத்தில் வெட்டி, வினைல் விரிப்பின் விளிம்பைச் சற்றுத் தூக்கி, பழைய ஸ்குரூ ட்ரைவர் ஒன்றைக் கைப்பலத்தால் மட்டும் குத்திப் பாருங்கள். நல்ல பிளைவுட்டில் முனை மேற்பரப்பிலேயே நின்றுவிடும். உக்கிய பலகையில் கால் அங்குலம் வரை இறங்குவதோடு, வெளியே எடுக்கும்போது முனையில் ஈரத்தூள் ஒட்டியிருக்கும். நனைந்த சாக்கின் மணமும் வரும்.

குத்திய இடத்தோடு நிறுத்தாமல், நான்கு திசையிலும் சாணுக்கு ஒருமுறை குத்திக்கொண்டு போய், நல்ல மரம் தொடங்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். பின்னால் சொல்லப்போகும் வெட்டுக்கு அந்தக் கோடு தேவைப்படும்.

வெட்டினா உள்ளுக்கு என்ன இருக்கும்? வயர், பைப் வெட்டுப்படுமோ எண்டு பயமா இருக்கு.

மேலிருந்து கீழாகச் சொன்னால், வினைல் விரிப்பு, அதன்கீழ் 15 முதல் 18 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள பிளைவுட் அல்லது மரத்தூள் பலகை, அதைத் தாங்கும் மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு இடையில் ரெஜிபோமோ (வெள்ளை நுரைப் பலகை) கண்ணாடிப் பஞ்சோ, எல்லாவற்றுக்கும் அடியில் வண்டியின் வயிற்றை மூடிய கறுப்புத் துணி அல்லது தகடு என்று வரிசை இருக்கும். மரத்தூள் பலகை போட்ட வண்டி என்றால், ஈரம் பட்ட பகுதி ஊறித் தடித்திருக்கும். அது காய்ந்தாலும் பழைய பலம் திரும்பாது.

உங்கள் பயம் நியாயமானது. மின்வயரும், சில வண்டிகளில் சமையலறைக்குப் போகும் எரிவாயுக் குழாயும் இந்தத் தளத்தின் கீழாகவே ஓடுகின்றன. எனவே பற்றரியையும் வெளி மின்சாரத்தையும் கழற்றி, எரிவாயுச் சிலிண்டரை மூடி, வட்ட வாளின் ஆழத்தைப் பலகையின் தடிப்புக்கு மட்டும் அமைத்த பிறகே வெட்டத் தொடங்க வேண்டும். பலகையைத் தூக்கியதும் கையை உள்ளே விடாதீர்கள். முதலில் தடியால் தட்டி, ரோச் அடித்துப் பாருங்கள். நெடுநாள் அசையாமல் நின்ற வண்டியின் வயிற்றுக்குள் எலி கூடு கட்டியிருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் புடையன் பாம்பு வருவதற்கு யாரும் அழைப்பிதழ் கொடுக்க வேண்டியதில்லை. எலிச்சிறுநீர் பட்ட பஞ்சைக் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடுவது எலிக்காய்ச்சலுக்கு வழி.

இது உக்கினதோ, கறையான் தின்டதோ எண்டு எப்பிடிப் பிரிச்சுப் பாக்கிறது?

கறையான் தின்ற பலகையில் மண் இருக்கும். நார் ஓடும் திசையில் உட்புறம் வெறுமையாகி, மேல்தோல் மட்டும் தாள்போல நிற்கும். சட்டத்தின் ஓரமாக மண்குழாய் ஏறியிருக்கும். உக்கிய பலகையில் மண் இருக்காது. அது நிறம் கறுத்து, சிறு சிறு சதுரமாக வெடித்தோ நாராகப் பிரிந்தோ கையில் நொறுங்கும். பல வண்டிகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, ஏனென்றால் ஈரமான மரமே கறையானை இழுக்கிறது. வண்டியை மரக்குற்றியின்மேல் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தால், அந்தக் குற்றியே நிலத்திலிருந்து தளத்துக்குப் போடப்பட்ட பாலமாகிவிடும். அதை எடுத்துவிட்டுச் சீமெந்துக் கல்லை வையுங்கள்.

எங்கட கரவனில ஒரு ஒழுக்கும் இல்லை. பிறகு தண்ணி எங்கையிருந்து வருது?

தண்ணீர் வராமல் உக்கல் இல்லை. மரத்தை உக்கவைக்கும் பூஞ்சை, மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை வளராது. கூரைக்குக் கீழே உலர்ந்து நிற்கும் பலகை அந்த அளவை எட்டுவதில்லை. ஆகவே எங்கோ ஓரிடத்திலிருந்து தண்ணீர் தொடர்ந்து வந்திருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் பலகையை மாற்றுவது காசைக் கரைக்கும் வேலை.

முதலில் கொமட்டுக்குப் பக்கத்திலுள்ள கைச்சவரின் குழாயையும் அது பூட்டப்பட்ட ரீ இணைப்பையும் பாருங்கள். கிளிநொச்சிப் பக்கத்துக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது என்பதால், சொட்டுச் சொட்டாகக் கசியும் இணைப்பில் நீர் ஆவியாகி வெள்ளைச் சுண்ணாம்புப் படை கட்டியிருக்கும். தண்ணீரைக் கண்ணால் காணாவிட்டாலும் அந்தப் படை சாட்சி சொல்லும். சந்தேகமான இணைப்பைச் சுற்றி ரிஷு தாளைக் கட்டி, ஓர் இரவு விட்டுப் பார்த்தாலும் போதும். அடுத்ததாக, கொமட்டுக்கும் கழிவுக்குழாய்க்கும் இடையிலுள்ள இறப்பர் வளையத்தைச் சோதிக்க, உணவு நிறமூட்டி கலந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, வண்டியின் அடியில் படுத்து நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். சவர்த்தட்டின் வடிகால் வாயையும் அதேபோல வேறு நிறத்தால் சோதிக்கலாம்.

பலரும் மறந்துவிடுவது கூரையை. கழிவுத்தொட்டியின் காற்றுக்குழாய் சுவருக்குள்ளால் ஏறிக் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியிலுள்ள ஒட்டுப்பசை வெயிலில் வெடித்துவிட்டால், மாரி மழைநீர் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நேராகக் கொமட்டின் பக்கத்துத் தளத்துக்கு இறங்கும். குளியலறை பாவிக்காத வண்டியிலும் கொமட்டடி உக்கியிருந்தால், நான் முதலில் ஏணியைத்தான் எடுப்பேன். சில்லுக்கு மேலே குளியலறை அமைந்த வண்டிகளில், சில்லு மூடியின் தகட்டில் விழுந்த ஓட்டை வழியாகத் தெறிக்கும் சேற்றுநீரும் ஒரு காரணம்.

வெளிநாட்டில இருபது வருசம் நிண்ட கரவன் இஞ்ச வந்து ரெண்டு மாரியில உக்கிப்போச்சு. எங்கட வெக்கைதான் காரணமா?

வெப்பமும் ஈரக்காற்றும் வேகத்தைக் கூட்டும். ஆனால் அடிப்படைக் காரணம் நாம் குளியலறையைப் பாவிக்கும் முறை. இந்த வண்டிகளைக் கட்டியவர்கள், தண்ணீர் சவர்த்தட்டுக்குள் மட்டும் விழும், மற்ற நிலம் காய்ந்தே கிடக்கும் என்று எண்ணிக் கட்டினார்கள். அதனால்தான் தட்டுக்கு வெளியே வெறும் வினைல் விரிப்பும் சுவரோரத்தில் ஒரு மரப்பட்டியும் மட்டுமே இருக்கின்றன. நாமோ வாளியில் நிறைத்து அள்ளிக் குளிக்கிறோம், கொமட்டடியில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம், நிலத்தைத் தும்புத்தடியால் தேய்த்து அலசுகிறோம். அந்தத் தண்ணீர் முழுவதும் விரிப்பின் விளிம்பால் இறங்கிப் பலகைக்குள் போகிறது. மேலே விரிப்பு மூடியிருப்பதால் வெயில் நாளிலும் காய்வதில்லை.

வீட்டாரின் பழக்கத்தை மாற்றச் சொல்வதில் பயனில்லை. நம் பழக்கத்துக்கு ஏற்றபடி தளத்தை மாற்ற வேண்டும். முழுத் தளமும் ஒரே தட்டாகத் தண்ணீரைத் தாங்க வேண்டும் என்பதுதான் இங்கே சொல்லப்படும் திருத்த வேலையின் நோக்கம். கீழே வரும் பதில்கள் அதையே அடிப்படையாகக் கொண்டவை.

பழுதான பலகைக்கு மேல இன்னொரு பிளைவுட் அடிச்சா போதாதா?

போதாது. உக்கிய பலகை ஸ்குரூவைப் பிடிக்காது என்பதால், மேலே அடிக்கும் பலகை எதிலும் பூட்டப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். இரண்டு பலகைக்கும் நடுவில் அடைபட்ட ஈரம் புதிய பலகையையும் கீழிருந்து உக்கவைக்கும். தளம் முக்கால் அங்குலம் உயர்வதால் கதவு திறக்காது. கழிவுக்குழாயின் வாய் தளத்துக்குக் கீழே புதைந்து, வளையம் சரியாக அமராமல் புதிய ஒழுக்கு ஒன்று தொடங்கும்.

கொங்கிறீற் போட்டா ஒரேயடியா முடிஞ்சுடுமே அண்ணை?

மேசன் வேலைக்குப் பழகிய ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கணக்கைப் பாருங்கள்: 5 அடிக்கு 6 அடி அளவுள்ள அறையில் 2 அங்குலத் தடிப்புக்குப் போட்டாலே, கொங்கிறீற் ஏறத்தாழ 340 கிலோ வரும், அதாவது ஏழு பை சீமெந்தை வண்டியின் ஒரு மூலையில் நிரந்தரமாக அடுக்கி வைப்பதற்குச் சமம். அந்தப் பாரத்தில் சட்டகம் சரியும், கழிவுத்தொட்டியைத் தாங்கும் பட்டிகள் இழுபடும், வண்டியை இனி நகர்த்தவும் முடியாது. நகர்த்தாவிட்டாலும், ஆள் நடக்கும்போது அசையும் மரச்சட்டத்தின்மேல் கொங்கிறீற் வெடிக்காமல் இருக்காது. வெடித்த கோட்டால் இறங்கும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. மாபிள், தரையோடு ஆகியவற்றுக்கும் இதே பதில்.

எவ்வளவு தூரத்துக்கு வெட்டிறது? சுவருக்குக் கீழயும் உக்கியிருந்தா என்ன செய்யிறது?

முதற் பதிலில் குறித்த பென்சில் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக, அடுத்து வரும் மரச்சட்டத்தின் நடுக்கோடுவரை வெட்டுங்கள். அப்போதுதான் பழைய பலகையின் விளிம்புக்குச் சட்டத்தின் ஒரு பாதியும் புதிய பலகையின் விளிம்புக்கு மறுபாதியும் தாங்கலாகக் கிடைக்கும். சட்டம் இல்லாத திசையில், இரண்டு சட்டங்களுக்கு நடுவே குறுக்குக்கட்டை பூட்டி விளிம்பைத் தாங்குங்கள். கொமட் அமரும் இடத்தின் நான்கு பக்கமும் இந்தக் குறுக்குக்கட்டை கட்டாயம் வேண்டும். தொட்டியை முதல் நாளே காலி செய்து, கழுவி, திறந்த வாயைச் சாக்கால் அடைத்துவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள்.

சுவர்தான் சிக்கலான இடம். பெரும்பாலான வண்டிகளில் தளத்தை முழுவதுமாகப் போட்டுவிட்டு அதன்மேல்தான் சுவரை நிறுத்துகிறார்கள். ஆகவே சுவருக்குக் கீழுள்ள பலகை கூரையின் பாரத்தையும் சுமக்கிறது. அதை ஒரே நேரத்தில் நீளமாக வெட்டி எடுத்தால் சுவர் இறங்கிவிடும். உள்ளே இருந்து ஒரு மரத்தாலும் ஜக்காலும் சுவரை மெதுவாகத் தாங்கிக்கொண்டு, ஓரடி ஓரடியாக உக்கியதைக் குடைந்து, அந்தந்த இடத்துக்குப் புதிய துண்டைச் செருகி ஸ்குரூ போட்ட பிறகே அடுத்த அடிக்குப் போக வேண்டும். பொறுமை இல்லாதவர் இந்தப் பகுதியை மட்டுமாவது ஒரு நல்ல தச்சரிடம் விட்டுவிடுவது நல்லது.

சட்டமும் உக்கிப்போச்சு. வீட்டில பனஞ்சிலாகை கிடக்கு, அதை வைக்கலாமா?

பனஞ்சிலாகை கூரையில் நிகரற்றது. ஆனால் இங்கே பொருந்தாது. பாரம் அதிகம், ஸ்குரூ ஏற்றினால் பிளக்கும், ஒரே அளவுக்குச் சீவி எடுப்பதும் சிரமம். முதிரையும் பாலையும் உறுதியானவை, அவையும் பாரமானவை. பாதிச் சட்டம் மட்டும் உக்கியிருந்தால், உக்கியதைச் செதுக்கி எறிந்துவிட்டு, பக்கத்தில் அதே உயரமுள்ள பதப்படுத்திய பைன் சட்டத்தை, நல்ல பகுதியில் குறைந்தது ஓரடியாவது இருபுறமும் மேவி நிற்கும்படி, போல்ட் போட்டு இணையுங்கள். முழுச் சட்டமும் போயிருந்தால் நாகம் பூசிய இரும்புப் பொக்ஸ் பார் சிறந்தது. அதையும் போல்ட்டால்தான் பூட்ட வேண்டும். பக்கத்தில் ரெஜிபோம் இருக்கையில் வெல்டிங் பிடித்தால், ஒரு பொறி போதும் வண்டி முழுவதும் எரிய.

மிஞ்சின நல்ல மரத்துக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசினா உக்காது எண்டு அப்பா சொல்லுறார்.

வேலிக்கட்டைக்குப் பூசிப் பழகிய கை அது. குளியலறைக்குள் பூசக்கூடாது: மணம் போகாது, தோலுக்கும் மூச்சுக்கும் கேடு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒயில் பட்ட மரத்தில் எந்தப் பசையும், பின்னால் சொல்லப்போகும் பைபர் வேலைக்குரிய ரெசினும் ஒட்டாது. அதற்குப் பதிலாக, கரம் விளையாடும் பலகைக்குப் போடும் போரிக் பவுடரை வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, மரம் நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு மூன்று முறை தூரிகையால் பூசுங்கள். பூஞ்சைக்கும் கறையானுக்கும் அது நஞ்சு. தண்ணீர் பட்டால் கழுவுண்டு போய்விடும் என்பதால், காய்ந்ததும் அதன்மேல் பெயின்ற் பூசி மூட வேண்டும்.

எந்த பிளைவுட் வாங்கிறது? கடையில எல்லாத்தையும் மரைன் எண்டுதான் சொல்லுறாங்கள்.

பெயரைவிடப் பசைதான் முக்கியம். ஒரு சிறு துண்டை வாங்கிவந்து, சில மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். வீட்டுத் தளபாடத்துக்குரிய பலகை என்றால் படைகள் பிரிந்துவிடும். நீர் தாங்கும் பசை என்றால் துண்டு அப்படியே இருக்கும். வெட்டிய விளிம்பில் உட்படைகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் அந்தப் பலகையைத் தவிருங்கள். பழைய பலகையின் தடிப்பையே வாங்க வேண்டும். 18 மில்லிமீற்றர் தடிப்புள்ள 8 அடிக்கு 4 அடிப் பலகை 30 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால், ஏற்ற இறக்க இரண்டு பேர் தேவை.

பூட்டும்போது பழைய பலகைக்கும் புதியதற்கும் இடையில் 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, துருப்பிடிக்காத ஸ்குரூவை விளிம்பில் 6 அங்குலத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். பூட்டுவதற்கு முன்பே பலகையின் அடிப்பக்கத்துக்கும் நான்கு விளிம்புகளுக்கும் ரெசின் பூசிக் காயவிடுங்கள். பிளைவுட் தண்ணீரை அதிகம் குடிப்பது விளிம்பால்தான்.

முல்லைத்தீவில படகு ஒட்டுற ஆக்களைப் பிடிச்சுத் தளத்துக்கு பைபர் அடிச்சா சரிவருமா?

இதைவிட நல்ல யோசனை இல்லை. முல்லைத்தீவுக் கரையிலும் மன்னார்ப் பக்கத்திலும் மீன்பிடிப் படகுகளுக்குப் பூசும் அதே கண்ணாடிநார் மற்றும் பொலியெஸ்டர் ரெசின்தான் நம் குளியலறைத் தளத்தையும் ஒரே தட்டாக்கும். ஆனால் படகு ஒட்டுபவர் பழைய பைபரின்மேல் ஒட்டிப் பழகியவர். மரத்தின்மேல் ஒட்டும்போது இரண்டு விடயங்களை அவரிடம் சொல்ல வேண்டும். மரம் முழுவதும் காய்ந்திருக்க வேண்டும். முதற்பூச்சு ரெசினைச் சற்று இளக்கி மரத்துக்குள் இறங்கவிட்டு, அது பிசுக்காக இருக்கும்போதே நாரை விரிக்க வேண்டும். இல்லையென்றால் சில மாதங்களில் பைபர் தோலாக உரிந்து வரும்.

5 அடிக்கு 6 அடி அறைக்குச் சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள நார் இரண்டு படை போதும்; அதற்கு முதற்பூச்சையும் சேர்த்து 7 முதல் 8 கிலோ ரெசின் பிடிக்கும். சுவரோரத்தில் நாரை 4 அங்குலம் மேலே ஏற்றி, வாசலில் இரண்டு அங்குல உயரத்தில் ஒரு வரம்பு கட்டி அதன்மேலும் ஏற்றுங்கள். குளிக்கும் பக்கத்துச் சட்டங்களின்மேல் ஆப்பு வடிவப் பட்டியைப் பலகை பூட்டும் முன்பே வைத்து, வடிகாலை நோக்கி அடிக்குக் கால் அங்குலச் சரிவு கொடுக்க வேண்டும். கொமட் அமரும் இடம் மட்டமாகவே இருக்கட்டும். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கையில், கழுவிச் சலித்த மணலை மெல்லத் தூவினால் கால் வழுக்காது. உப்புப் பிடித்த கடல்மணல் வேண்டாம்.

ரெசினை இறுகவைக்கும் ஹாட்னர், ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர்வரை. நம் மதிய வெயிலில் குறைந்த அளவே போதும். அப்படியும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கலவை இறுகத் தொடங்கும் என்பதால், காலையில் சிறிது சிறிதாகக் கலந்து வேலை செய்வது நல்லது. ரெசினை விரைவாக இறுக்கும் ஊதா நிறக் கோபால்ட் திரவத்தைத் தனியாக வாங்கியிருந்தால், அதை ரெசினில் முழுவதும் கலந்த பிறகே ஹாட்னரைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேரடியாக ஒன்றாக ஊற்றினால் தீப்பிடித்து வெடிக்கும். ஹாட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் மூடியைத் திறக்காதீர்கள். கதவையும் சன்னலையும் திறந்துவையுங்கள்.

வண்டியோட வந்த பிளாஸ்ரிக் கொமட்டை எறிஞ்சிட்டு வீட்டுக் கொமட் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் யோசித்து. வண்டியின் கொமட் தொட்டிக்கு நேர்மேலே அமர்ந்து, ஒரு மூடித்தகட்டால் மணத்தை அடைக்கிறது. பீங்கான் கொமட்டுக்கு அந்தத் தகடு இல்லை. அதன் வளைகுழாயில் தேங்கும் நீர்தான் மணத்தை அடைக்கிறது. வண்டியை நகர்த்தினால் அந்த நீர் சிந்தும். நிரந்தரமாக ஓரிடத்தில் நின்று, கழிவு நேராகக் குழிக்குப் போகும் வண்டிக்கு மட்டும் அது ஏற்றது. அப்போதும் கீழே முன்பு சொன்ன குறுக்குக்கட்டைகள் இருக்க வேண்டும், ஏனெனில் அசையும் தளத்தில் பீங்கானின் அடி வெடிக்கும்.

எந்தக் கொமட்டானாலும், சிலிக்கனை முன்னாலும் இரு பக்கத்திலும் மட்டும் பூசிப் பின்பக்கத்தைத் திறந்துவிடுங்கள். பின்னாளில் வளையம் கசிந்தால், தண்ணீர் அங்கே வெளியே வந்து உங்களுக்குத் தெரியும். முழுவதும் பூசி மூடினால், அது பலகைக்குள் மட்டுமே போகும்.

இதை எப்ப செய்யிறது நல்லம்?

வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில். சோளகக் காற்று வீசும் நாட்களில் அடித்துணியைக் கழற்றிவிட்டால் சட்டங்கள் தாமாகவே காய்ந்துவிடும். ஐப்பசியில் தளத்தைத் திறந்தால், அதை மூடத் தை மாதம் வரை காத்திருக்க நேரிடும்.

2018 வெள்ளத்தில சில்லு மூழ்க நிண்ட கபின் ஒண்டு மலிவா வருது. உள்ளுக்குத் தளம் நல்லாத்தான் கிடக்கு. வாங்கலாமா?

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 2018 டிசம்பரில் வெள்ளத்தில் நின்ற வண்டியின் பழுது மேலே தெரியாது, ஏனெனில் தண்ணீர் கீழிருந்து வந்தது. அடித்துணி தண்ணீரை உள்ளே விடும், வெளியே விடாது. கண்ணாடிப் பஞ்சு போட்ட வண்டியென்றால் அந்த ஈரம் பல வாரம் சட்டங்களை நனைத்திருக்கும். விற்பவரின் சம்மதத்துடன் துணியை ஓரிடத்தில் ஒரு சாண் கிழித்து, சட்டத்தின் அடிப்பக்கத்தை முன்பு சொன்ன ஸ்குரூ ட்ரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே சேற்றுப்படை இருந்தால், முழுத் தளத்தையும் சட்டங்களையும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். சில்லின் பெயரிங்கும் பிறேக்கும் போயிருக்கும் என்றே கணக்கிடுங்கள். துணியைக் கிழிக்க விடாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

எல்லாம் சொன்னபடி செய்தும், ஒரு வருசத்தில கொமட்டடி திரும்ப அமுங்குது. என்ன பிழை விட்டம்?

கொமட்டைப் பூட்டும் துளைகளைப் பாருங்கள். பைபர் அடித்து முடித்த பிறகுதான் அவற்றைத் துளைக்கிறார்கள். அந்தத் துளைக்குள் பூச்சு இல்லாத மரம் வெளிப்பட்டு நிற்கிறது, கழுவும் தண்ணீர் ஸ்குரூவைப் பிடித்துக்கொண்டு நேராக அதற்குள் இறங்குகிறது. துளையைத் தேவையைவிட இரு மடங்கு பெரிதாக்கி, காயவிட்டு, நார்த்தூள் கலந்த ரெசினால் நிரப்பி, அது இறுகிய பின் அதன் நடுவில் மீண்டும் துளைத்தால், ஸ்குரூ எங்கும் மரத்தைத் தொடாது. வடிகால் வாய்க்கும் கழிவுக்குழாய் வாய்க்கும் வெட்டிய வட்டத்தின் விளிம்பையும் அப்படியே பூச வேண்டும்.

அங்கே பழுதில்லை என்றால், ஏணியை எடுத்துக்கொண்டு கூரைக் குழாயின் அடியைப் பாருங்கள்.